இந்திப் படத்திலிருந்து கூலிக்காரன் எங்கே போனான்?



பெங்களூரிலும் புனேயிலும் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் சிலர், "இந்திப் படமெல்லாம் இப்போ ஏன் சார் ஓட மாட்டேங்குது?" என்று கேட்கிறார்கள். வரலாற்று வாத்தியாரிடம் சினிமாவைப் பற்றிக் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1953இல் பிமல் ராய் 'தோ பீகா ஜமீன்' எடுத்தார். பீகா என்பது வடக்கே நிலத்துக்கு வழங்கும் ஓர் அளவு, நமக்கு ஏக்கர், சென்ட் போல. இரண்டு பீகா நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி. மில் கட்டுவதற்காக ஜமீன்தாருக்கு அந்த நிலம் வேண்டும். வாங்கிய கடனைப் பொய்க்கணக்கு எழுதிப் பெருக்கிவிடுகிறார். கடனை அடைக்க அந்த மனிதன் மகனோடு கல்கத்தாவுக்குப் போய்க் கைரிக்‌ஷா இழுக்கிறான். பால்ராஜ் சாஹ்னி நடித்தார் என்பதைவிட வாழ்ந்தார் என்று சொல்ல வேண்டும். கடைசியில் நிலமும் போய்விடுகிறது.

பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தக் கதையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. மழை பொய்த்தால் மேஸ்திரி வருவார், முன்பணம் கொடுப்பார், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் புறப்படுவார்கள். பாதி வருஷத்தில் வருகைப் பதிவேட்டில் நின்றுபோன பெயர்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

அது கேன்ஸ் வரை போய்ப் பரிசு வாங்கிய படம், அதை ஏன் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்பீர்கள். சரி, கொட்டகை நிரம்பி வழிந்த படங்களையே எடுத்துக்கொள்வோம். 1957இல் பி.ஆர். சோப்ராவின் 'நயா தௌர்' வந்தது. முதலாளியின் மகன் ஊருக்குள் மரம் அறுக்கும் இயந்திரத்தையும் பஸ்ஸையும் கொண்டு வருகிறான். குதிரைவண்டிக்காரர்களின் பிழைப்புக்கு ஆபத்து. பஸ்ஸுக்கும் வண்டிக்கும் பந்தயம் வைக்கிறார்கள். அதற்கான சாலையை ஊர் ஜனமே போடுகிறது. திலீப் குமார்தான் வண்டிக்காரர். நம் வைஜெயந்திமாலா கதாநாயகி. தமிழில் 'பாட்டாளியின் சபதம்' என்ற பெயரில் டப்பிங் ஆனது. அதே ஆண்டில்தான் 'மதர் இந்தியா'வும் வந்தது.

1975இல் வந்த 'தீவார்' படத்தில் அமிதாப் பச்சன் முதலில் பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். நாமெல்லாம் அதை 1981இல் ரஜினியின் 'தீ' என்று பார்த்தோம். 1975 டிசம்பரில் தன்பாத் பக்கம் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1979இல், அந்தத் துயரத்தை வைத்து யஷ் சோப்ரா 'காலா பத்தர்' எடுத்தார். அமிதாப், சசி கபூர், சத்ருகன் சின்ஹா என்று அன்றைய பெரிய நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நின்றார்கள். இன்று அப்படி ஒரு விபத்து நடந்தால் மூன்று பெரிய நட்சத்திரங்கள் சேர்ந்து அதைப் படமாக்குவார்களா?

'தீவார்', 'காலா பத்தர்' இரண்டுக்கும் கதை எழுதியவர்கள் சலீம்-ஜாவேத் என்ற இரட்டையர். 1973இல் 'ஜஞ்சீர்' வெளியானபோது சுவரொட்டியில் தங்கள் பெயர் இல்லை என்று, ஆள் வைத்துப் பம்பாய்ச் சுவரொட்டிகளில் பெயரை எழுத வைத்தார்கள். சிரிக்கத் தோன்றும். ஆனால் எழுத்தாளன் இல்லாமல் படம் இல்லை என்பதை இந்தி உலகம் ஒப்புக்கொண்டது அதன் பிறகுதான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் கலைஞர் 1950இல் 'மந்திரி குமாரி'க்கு வசனம் எழுதியபோதே நமக்கு அந்த மரியாதை தெரியும் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

பிறகு என்ன ஆயிற்று? நான் பார்த்தவரை, பணம் வரும் வழி மாறியது. முன்பு இந்திப் படத்தை ஏரியா ஏரியாவாக விற்பார்கள். டெல்லி-உ.பி., பீகாரும் வங்காளமும் சேர்ந்த கிழக்கு, நிஜாம், மைசூர் என்று பிரிவுகள் உண்டு. பீகாரில் தரை டிக்கெட்காரன் இரண்டாம் முறை வந்தால்தான் விநியோகஸ்தருக்குப் போட்ட பணம் திரும்பும். ஆகவே எழுதுகிறவர் அவனை மறக்க முடியாது. 1995இல் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' லண்டன் வாழ் இந்தியரின் கதையைச் சொல்லிப் பெருவெற்றி பெற்றது. நல்ல படம்தான். 1997இல் டெல்லியில் முதல் மல்டிபிளக்ஸ் திறந்தது. வெளிநாட்டு உரிமை, டிவி உரிமை, விலை கூடிய டிக்கெட் என்று வருமானம் வேறு திசையிலிருந்து வரத் தொடங்கியது. மில்லும் சுரங்கமும் மெல்லத் திரையைவிட்டுப் போயின. மாளிகையும் கல்யாணமும் வந்தன. கதைப் பஞ்சம் வந்தபோது 'கஜினி', 'சிங்கம்', 'விக்ரம் வேதா' என்று நம்மிடமே வாங்கினார்கள்.

எங்கள் தெருவில் வீடு கட்ட வந்திருக்கும் ஜார்க்கண்ட் பையன்கள் மாலையில் செல்போனில் பார்ப்பதெல்லாம் இந்தியில் டப்பிங் செய்த தெலுங்கு, தமிழ், கன்னடப் படங்கள். "இந்திப் படம் பார்க்க மாட்டீங்களா?" என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். "அதுல எங்க ஆளுங்க யாரு இருக்காங்க?" என்றான் ஒருவன். சாஸ்நாலா இருக்கும் அதே ஜார்க்கண்ட்!

2022இல் இந்தியில் வெளியான படங்களிலேயே அதிகம் வசூலித்தது கன்னடத்திலிருந்து டப்பிங் ஆன 'கே.ஜி.எஃப்' இரண்டாம் பாகம். அந்தக் கோலார் தங்கவயல் நமக்கு அந்நியமல்ல. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள்தாம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். படத்தில் வருவது அவர்கள் வரலாறு அல்ல, ஆசிரியனாக இதைச் சொல்லியாக வேண்டும். அங்கே இருந்தது வெள்ளைக்காரக் கம்பெனியும் தொழிற்சங்கமும் 1930 வேலைநிறுத்தமும். துப்பாக்கியோடு வரும் ஒற்றை ராஜா யாரும் இல்லை. ஆனாலும் அழுக்குச் சட்டை போட்டவன் நடுவில் நிற்கிறான் என்பதற்காகவே வடக்கே மக்கள் திரண்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தியில் நல்ல படமே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. '12த் ஃபெயில்' (2023), 'லாபத்தா லேடீஸ்' (2024) இரண்டையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஊரடங்கில் நடந்தே ஊர் போனவர்களைப் பற்றி அனுபவ் சின்ஹா 'பீட்' (2023) எடுத்தார், கொட்டகையில் நிற்கவில்லை. இவை ஓரத்தில் வரும் படங்கள். அன்று திலீப் குமாரும் அமிதாப்பும் செய்ததை இன்றைய பெரிய நடிகர்கள் செய்ய வேண்டும் என்பதுதான் என் வாதம். இந்தி பேசும் மாநிலங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் ஊர்விட்டு ஊர் போய் உழைக்கும் இந்தக் காலத்தில், அவர்கள் மொழியின் பெரிய படங்களில் அவர்கள் முகம் இல்லை. (நம் தமிழ் நட்சத்திரங்களும் இப்போது துப்பாக்கியைக் கீழே வைப்பதில்லை. அது தனிக் கச்சேரி, இன்னொரு நாள்.)

உங்களில் யாருடைய அப்பாவோ தாத்தாவோ கோலார் சுரங்கத்திலோ பெங்களூர் மில்லிலோ வேலை பார்த்திருந்தால், அங்கே கொட்டகையில் எந்த இந்திப் படம் பார்த்தார்கள், மொழி தெரியாமல் அதில் எது புரிந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். போனில் சொன்னாலும் சரி. நான் குறித்து வைத்துக்கொள்கிறேன்.