கலங்கலில் யார் கை: தமிழ்நாட்டில் ஊர்சார்ந்த வெள்ளத் தற்காப்பின் வரலாறு

சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்கியிராத 1858ஆம் ஆண்டில் இந்திய அரசு இயற்றிய முதல் சட்டம் சென்னை மாகாணத்தின் ஏரிக்கரைகளைப் பற்றியது. பிற்காலத்தில் ‘சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம்’ என்று பெயர்பெற்ற அதன் முதல் பகுதி வெள்ளத்துக்கானது. ஏரி, ஆறு, கால்வாய் ஆகியவற்றின் கரை உடையும் நிலை வந்து, பெருங்கூட்டமாக ஆட்கள் இறங்கினால் அதைத் தடுக்கலாம் என்று பொறுப்பு அதிகாரி கருதினால் போதும். பக்கத்து ஊர்த் தலைவர்கள் மூலம், உடல்வலுவுள்ள உழைப்பாளி ஆண்கள் அனைவரையும் கரைக்கு வரவழைக்கலாம். அவர்களுக்குக் கூலி உண்டு. வர மறுத்தால் தண்டனை உண்டு. கரையை அடைக்க மூங்கில், வைக்கோல், தழை, சாக்கு என்று கையில் கிடைக்கும் பொருள்களை எடுத்துக்கொள்ளும் அதிகாரமும் அரசுக்கு உண்டு.

வெள்ளத்துக்கு ஆள்திரட்டும் ஏற்பாடு ஒன்று நவீன அரசால் எழுத்தில் வைக்கப்பட்டது என்ற அளவில் இச்சட்டம் முக்கியமானது. ஆனால் இதைத் தொடக்கமாகக் கொள்வது தவறு. இது ஒரு பழைய ஏற்பாட்டை நடுவே பிளந்த இடம். கரையில் நின்று உழைப்பதும், எப்போது என்ன செய்வதென்று முடிவெடுப்பதும் அதுவரை பெருமளவுக்கு ஊருக்குள்ளேயே இருந்தன. 1858க்குப் பின் உழைப்பு மட்டும் ஊரில் தங்கியது. முடிவு அதிகாரியிடம் போனது. இன்றைய பேரிடர்க் குழுக்கள் இந்தப் பிளவின்மீதே கட்டப்பட்டுள்ளன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முற்பட்ட சான்றுகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் எல்லோரும் அறிந்தவை. முதலாம் பராந்தகச் சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இவ்விரண்டும் குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் மேற்கோள் காட்டப்படுகின்றன. குடும்புகள் எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து ஓலை எடுத்து வாரியங்களை அமைத்தபோது, ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பதவிக்காலம் 360 நாள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேலும், சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. வெள்ளம் என்று தனியாக இக்கல்வெட்டுகள் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. ஊரின் வயிரமேகத் தடாகம் போன்ற ஓர் ஏரியைப் பேணுவது என்றால் கோடையில் தூர் எடுப்பதும் ஐப்பசி கார்த்திகையில் கரை காப்பதும் ஒரே வேலையின் இரு முனைகள்.

இதைப் புரிந்துகொள்ளக் கலங்கலைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். தெற்கே கலுங்கு என்றும் சொல்வார்கள். ஏரி நிரம்பினால் மிகுநீர் மறுகால் பாய்வதற்கான கற்கட்டு அது. பல பழைய கலங்கல்களின் தலையில் முழங்கால் உயரத்துக்கும் மேலாகக் கற்கள் வரிசையாக நட்டிருக்கும். அடைமழைக் காலத்தில் கற்களுக்கு இடைவெளி திறந்தே கிடக்கும். வெள்ளம் ஊடே ஓடிவிடும். மழை ஓயும் தறுவாயில் இடைவெளிகளைக் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தால் ஏரியில் ஓரடி, இரண்டடி நீர் கூடுதலாக நிற்கும். கடைமடை வயலுக்கு அந்த இரண்டடி ஒரு தண்ணீர் கட்டும் அளவு. ஆனால் அடைத்த பிறகு ஒரு புயல் வந்துவிட்டால் அதே இரண்டடி கரையை உடைக்கும். ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்த நாட்டில் மேல் ஏரி உடைந்தால் அதன் நீர் மொத்தமும் கீழ் ஏரிமீது விழும், அதுவும் உடையும்.

எனவே கலங்கலை எப்போது அடைப்பது, எப்போது பிடுங்குவது என்பதில் எப்போதும் சண்டை இருந்தது. ஏரிப் பாசன நிலமுடைய ஆயக்கட்டுக்காரருக்கு நீர் ஏற வேண்டும். ஏரியின் உள்வாயில் பயிர் வைத்தவருக்கு நீர் இறங்க வேண்டும். கீழ் ஊர்க்காரருக்குத் தன் ஏரி நிரம்பும்வரை மறுகால் வேண்டும், நிரம்பியபின் வேண்டாம். ஊர்க் குழு என்பது இந்தச் சண்டையைத் தீர்க்கும் இடமாக இருந்தது. ஒற்றுமையால் அது நின்றது என்று சொல்வதைவிட, வேறு போக்கிடம் இல்லாததால் நின்றது என்பதே சரி.

அந்தக் குழுவைப் பொன்னால் இழைக்கவும் வேண்டாம். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணருக்குக் கொடையாக அளித்த ஊர். வாரியத்தில் உட்கார நிலமும் வேதக் கல்வியும் கேட்டார்கள். நடைமுறையில் மழை இரவில் கரை சுற்றியவர் வேறொருவர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் நீர்க்கட்டி என்றும் பிற இடங்களில் வேறு பெயர்களிலும் வழங்கப்பட்ட இவர், பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். நண்டு வளையில் கசிவு கண்டிருக்கிறதா, எலி வளை நீரூற்றாக மாறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பவர் அவரே. உடைப்பு எடுக்கப் போவதை முதலில் அறிந்து ஊரை எழுப்புபவரும் அவரே. அவருக்குக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்து போடும் நெல். கரை பற்றிய நுண்ணறிவு அவரிடம். முடிவு ஆயக்கட்டுப் பெரியவர்களிடம். இந்த ஏற்றத்தாழ்வு காலனியத்துக்கு முந்தையது.

1858க்குத் திரும்புவோம். அதே ஆண்டைத்தான் பொதுப்பணித் துறை தன் தொடக்கமாகக் கொள்கிறது. கட்டாய உழைப்புச் சட்டத்தின் மற்றொரு பகுதி, வழக்கப்படி ஊரார் கூடிச் செய்யும் பாசன வேலைக்கு வராதவர், அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்றது. குடிமராமத்து என்று நாம் அழைப்பது இவ்வாறு சட்டத்தின் சொல்லுக்குள் வந்தது. ஒரு வழக்கத்தைத் தண்டனையால் காக்க முனையும்போதே அது தளர்ந்துவிட்டது என்று பொருள். ரயத்துவாரி முறையில் வரி நேராகக் கச்சேரிக்குப் போக, ஏரிச் செலவுக்கு ஊரில் முன்பு ஒதுக்கியிருந்த மானியங்களும் மெல்ல மறைந்தன. 1876–78 பஞ்சத்துக்குப் பின், 1883இல் அரசு ஏரிச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கரையின் உயரம், கலங்கலின் நீளம், மதகின் மட்டம் எல்லாம் அளந்து ஏட்டில் ஏறின. அளவுகளோடு அவற்றை மாற்றும் உரிமையும் அந்த ஏட்டுக்குள் போனது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மானுடவியலாளர் டேவிட் மாஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ நூலில், தொன்றுதொட்டு வந்த தன்னாட்சி ஊர் என்ற சித்திரமே ஓரளவு காலனிய நிர்வாகத்தின் ஆக்கம் என்கிறார். செலவை ஊர்மேல் போடுவதற்கு அந்தச் சித்திரம் வசதியாக இருந்தது. தென்தமிழகத்தில் ஏரியைக் காத்தது ஊர்ப்பொது மட்டுமல்ல, பாளையக்காரர், சேதுபதி போன்றோரின் கொடையும் அதிகாரமும்கூட என்பது அவர் காட்டும் சான்று. இதை ஏற்கிறேன். ஆனால் அவ்வதிகாரமும் ஏரிக்கு எட்டும் தொலைவில் இருந்தது. நிரம்பிய ஏரியால் அதற்கு வரவு இருந்தது. வேறுபாடு அங்கேதான்.

விடுதலைக்குப் பின் நடந்ததை விரைந்து கடக்கலாம். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் ஏரிகளும் அரசுக்கு வந்தன. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ளவை பொதுப்பணித் துறைக்கும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. ஒரே தொடரில் உள்ள ஏரிகள் இப்படி இரு அலுவலகங்களுக்குப் பிரிந்தன. கிணறும் மோட்டாரும் பெருகிய பின் ஆயக்கட்டுக்காரருக்கே ஏரிமேல் இருந்த கவனம் குறைந்தது. நீர்க்கட்டியின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் பாசனத்தைப் பங்கிட வந்தவை. வெள்ளம் அவற்றின் மையக் கவலையாக இருக்கவில்லை.

வெள்ளத்துக்கான குழுக்கள் வேறு வாசல் வழியாக வந்தன. இந்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் 2002 முதல் 17 மாநிலங்களில் நடத்திய பேரிடர் இடர்க்குறைப்புத் திட்டம், ஊர்தோறும் எச்சரிக்கை, வெளியேற்றம், மீட்பு, முதலுதவி, தங்குமிடம் எனத் தனித்தனி அணிகளை அமைத்தது. 2004 சுனாமிக்குச் சற்று முன் இப்பயிற்சியைப் பெற்ற ஊர்களில் கடலூர் மாவட்டச் சாமியார்பேட்டை ஒன்று. பின்னர் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்ட அமைப்பை உருவாக்கியது. 2016இல் ‘ஆப்தா மித்ரா’ திட்டம் 25 மாநிலங்களின் 30 வெள்ள அபாய மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 200 பேராக 6,000 தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது.

இவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கயிறு வீசத் தெரிந்த ஒருவர் தெருவில் இருப்பது பெரிய காரியம். ஆனால் இக்குழுக்கள் அனைத்தும் நீர் வந்த பிறகு செய்ய வேண்டியதையே கற்கின்றன. நீர் எங்கிருந்து, யார் முடிவால் வருகிறது என்பதில் அவற்றுக்குச் சொல் இல்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கரையோரக் குடியிருப்புகளில் தெருவுக்குத் தெரு உதவிக் குழுக்கள் முளைத்தன. மீனவர்கள் படகுகளோடு வந்தார்கள். மதகைத் திறக்கும் முடிவு இவர்கள் யாரையும் கேட்டு எடுத்ததல்ல. எடுத்தபின் வந்த அறிவிப்பும் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரையே மீட்டு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் தர வேண்டியிருந்தது. தூர் வாரப்பட்டது, கரை பலப்பட்டது, மதகு சீரானது. பணி முடிந்த மறுநாள் முதல் அந்த விவசாயிகளுக்கு ஏரியில் என்ன வேலை என்பது மட்டும் திட்டத்தில் தெளிவாக இல்லை. 1858 சட்டம் கேட்டதும் கிட்டத்தட்ட இதுவே: ஆள் வேண்டும், அவர் கருத்து வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணிப் படுகையின் கீழ்ப்பகுதியில் குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் வெள்ளத்துக்கு நடுவே நிற்க, அதிலிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் அருகிலுள்ள புதுக்குடி ஊரார். எந்தப் பேரிடர்க் குழுவும் அவர்களைத் திரட்டவில்லை. அரிசியும் அடுப்பும் அவர்களுடையவை, சமைப்பதா வேண்டாமா என்ற முடிவும் அவர்களுடையது. குளத்தின் மதகும் மறுகாலும் அப்படி இருக்கவில்லை. தமிழ்நாட்டில் உள்ள 39,000க்கும் மேற்பட்ட ஏரி குளங்களில், கரையோர ஊராரில் ஒருவருக்கேனும் வெள்ள நேரத்தில் மதகையோ கலங்கலையோ தொடும் உரிமை எழுத்தில் உள்ளவை எத்தனை என்று கணக்கெடுப்பதே இத்துறையில் அடுத்த ஆய்வாக இருக்க வேண்டும்.