யார் சொன்னார்கள், யார் நம்பினார்கள்? பிரித்தானியாவின் பராமரிப்பு விடுதிகளில் இருந்து ஒரு வரலாறு

எங்கட பச்சில் படிக்கும் ஒரு தோழியின் அக்கா இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறா. சேர்ந்த முதல் கிழமையே ஒன்லைனில் ஒரு பயிற்சி முடிக்கச் சொல்லியிருக்கினம். அதில் பத்து வகைத் துஷ்பிரயோகங்களின் பட்டியல் இருந்தது. அடிப்பது, வார்த்தையால் நோகடிப்பது, காசைப் பறிப்பது, கவனிக்காமல் விடுவது எண்டு நீண்டுகொண்டு போகிறது. முழுப் பயிற்சிக்கும் பெயர் ‘சேஃப்கார்டிங்’. அக்கா இரவு வட்ஸ்அப்பில் கேட்டா: “இதுக்குத் தமிழில என்ன சொல்றது? அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேணும்.”

நாங்கள் நாலு பேர் கன்டீனில் இருந்து யோசித்தோம். ‘பாதுகாப்பு’ என்றால் வாசலில் நிற்கும் செக்கியூரிட்டிதான் ஞாபகம் வருது. நோயாலோ முதுமையாலோ குறைபாட்டாலோ மற்றவரின் கையை நம்பி வாழும் ஒரு பெரிய ஆளை, பார்த்துக்கொள்ள வந்தவரின் கையில் இருந்தே காப்பாற்றுவது. இதை ஒரு சொல்லில் எப்படிச் சொல்வது? சொல் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினோம். தேடத் தேட, சட்டங்களைவிடச் சில மனிதர்களே எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

1965 ஜனவரியில் பார்பரா ரொப் என்ற உளவள சிகிச்சையாளர், தனக்குத் தெரிந்த ஒரு வயதான பெண்ணைப் பார்க்க வட லண்டனில் இருந்த ஃபிரையர்ன் மனநல வைத்தியசாலைக்குப் போனார். ஆளையே மட்டுக்கட்ட முடியவில்லை. தலைமுடி கட்டையாக வெட்டப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி இல்லை. கட்டுப்பல் இல்லை. இது ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை, பல வைத்தியசாலைகளில் முதியவர்களின் கண்ணாடி, கட்டுப்பல், காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவது வழமையாக இருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. கண்ணாடி இல்லாதவர் வாசிக்கமாட்டார், எழுதமாட்டார். கட்டுப்பல் இல்லாதவர் கதைத்தால் மற்றவருக்கு விளங்காது. கருவி இல்லாதவர் கேட்கமாட்டார். பிறகு அவரைப் பார்த்து, “இவவுக்கு ஒண்டும் விளங்காது” என்று சொல்லிவிடலாம். முறைப்பாடு செய்யக்கூடிய ஒரு ஆளை, முறைப்பாடு செய்ய முடியாத ஆளாக மாற்ற அடிகூடத் தேவைப்படவில்லை.

அந்த வருடம் நவம்பரில் ‘த டைம்ஸ்’ பத்திரிகையில் ரொப்பும் வேறு பலரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வந்தது. தெரிந்த விசயங்களை எழுதி அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தார்கள். தாதியரும் சமூக சேவையாளர்களும் நோயாளரின் உறவினர்களும் எழுதினார்கள். அந்தச் சாட்சியங்களைத் தொகுத்து 1967 இல் ரொப் ‘சான்ஸ் எவ்ரிதிங்’ என்ற நூலை வெளியிட்டார். ‘எதுவுமே இல்லாமல்’ என்று அர்த்தம். மனித வாழ்வை ஏழு பருவமாகப் பிரிக்கும் ஷேக்ஸ்பியரின் வசனத்தில், கடைசிப் பருவமான முதுமைக்கு வரும் சொற்கள் அவை. பல்லும் கண்ணும் இல்லாமல் போவது அங்கே இயற்கை. ரொப் பார்த்த விடுதியில் அவற்றை மனிதர்கள் கழற்றி எடுத்திருந்தார்கள்.

இனி நடந்ததுதான் எங்களை யோசிக்க வைத்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் கென்னத் ரொபின்சன் மோசமான ஆள் இல்லை. மனநல சீர்திருத்தத்துக்காகப் பல வருடம் நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர். ஆனாலும் விசாரணைகள் முடிந்து 1968 ஜூலையில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, நூலில் இருந்த குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை ஆதாரமற்றவை அல்லது மிகைப்படுத்தப்பட்டவை என்றது. சாட்சி சொன்ன தாதியர் பொய்யர்கள் மாதிரி ஆனார்கள். தேசிய சுகாதார சேவையைப் பற்றி அந்த நாட்டுக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமையைக் குலைப்பவரை நம்ப நல்ல மனிதருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1959 ஆம் ஆண்டு உளநலச் சட்டத்திலேயே, நோயாளரைத் துன்புறுத்துவது குற்றம் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகும் அந்த வரி விடுதிக் கதவைத் தாண்டி உள்ளே போகவில்லை.

அதே 1967 இல் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் இன்னொருவர் வாய் திறந்தார். ஈலி வைத்தியசாலை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் வருடக்கணக்கில் தங்கவைக்கப்பட்ட இடம். அங்கே உதவித் தாதியாக வேலை செய்த ஒருவர், நோயாளர்கள் முரட்டுத்தனமாக நடத்தப்படுவதையும் அவர்களுக்குரிய சாப்பாட்டை ஊழியர்கள் எடுத்துப் போவதையும் ‘நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்’ பத்திரிகைக்குச் சொன்னார். ஒழுங்குமுறைப்படி பார்த்தால் அந்த வைத்தியசாலையில் அவருக்குக் கீழே ஆட்கள் குறைவு. நோயாளர்கள் மட்டும்தான்.

இந்த முறை விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் ஜெஃப்ரி ஹாவ் என்ற வழக்கறிஞர். பின்னாளில் மார்கரெட் தச்சரின் அரசில் நிதி அமைச்சராக இருந்த அதே ஹாவ்தான். அவருடைய குழு சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி உண்மை என்று கண்டது. இன்னொன்றையும் கண்டது: முன்பு முறைப்பாடு செய்த ஊழியர்கள் பழிவாங்கப்பட்டிருந்தார்கள். அறிக்கை நீளமானது. சுருக்கத்தை மட்டும் வெளியிடலாம் என்று அதிகாரிகள் யோசித்தார்கள். அமைச்சர் ரிச்சர்ட் குரொஸ்மன் முழுவதையும் வெளியிட்டார். 1969 மார்ச்சில் நாடு முழுக்க அதை வாசித்தது. அந்த வருடமே, வைத்தியசாலைகளுக்கு நேரில் போய்ப் பார்க்கும் ஒரு ஆலோசனைச் சேவை உருவாக்கப்பட்டது. 

ஈலிக்குப் பிறகு வரிசையாக விசாரணைகள் வந்தன. அவற்றில் ஒன்று லங்காஷயரின் விட்டிங்ஹம் வைத்தியசாலை பற்றியது. அங்கே மாணவத் தாதியர் 1967 இலேயே முறைப்பாடு செய்திருந்தார்கள். அது உள்ளேயே அமுக்கப்பட்டது. விசாரணை அறிக்கை வெளிவந்தது 1972 இல். எங்கட வயதுப் பிள்ளைகள்தான் முதலில் பேசியவர்கள் என்பதை வாசித்தபோது கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

இதற்கெல்லாம் பிறகு நிலைமை மாறியிருக்கும் என்று நினைப்பீர்கள். மாறியதும் உண்மை. பெரிய வைத்தியசாலைகள் பல மூடப்பட்டன. வேலைத்தலத்தில் நடக்கும் தவறை வெளியே சொல்பவரைப் பாதுகாக்க 1998 இல் சட்டம் வந்தது. துஷ்பிரயோகத்தை எப்படிக் கையாள்வது என்று உள்ளூராட்சி சபைகளுக்கு வழிகாட்டும் ‘நோ சீக்ரெட்ஸ்’ ஆவணம் 2000 இல் வந்தது. இரகசியங்கள் இல்லை என்று அர்த்தம்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு, 2011 மே 31 இரவு, பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் பிறிஸ்டல் நகருக்கு அருகே இருந்த வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் வைத்தியசாலையை மக்கள் பார்த்தார்கள். கற்றல் குறைபாடும் ஓட்டிசமும் உள்ளவர்களுக்கான 24 கட்டில்கள். ஒருவருக்குக் கிழமைக்குச் சராசரியாக 3,500 பவுண் அரச காசு. அந்தக் காசுக்கு அங்கே இருந்தவர்களுக்குக் கிடைத்தது அறையும் உதையும் கேலியும். ஊழியர் மாதிரிச் சேர்ந்த ஒரு செய்தியாளர் ஐந்து கிழமை மறைவாகப் படம் பிடித்திருந்தார்.

அதற்கு முன்பே அங்கு வேலை செய்த ஒரு மூத்த தாதி 2010 ஒக்டோபரில் நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார். கண்காணிப்பு ஆணைக்குழுவுக்கும் அறிவித்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் வந்த மீளாய்வு அறிக்கை இன்னொரு கணக்கைச் சொன்னது: அந்த ஒரே இடத்தைப் பற்றி உள்ளூராட்சி சபைக்கு 40 எச்சரிக்கைகள் போயிருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிச் சம்பவமாகப் பார்க்கப்பட்டது. நாற்பதையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. கமரா பார்த்த பிறகுதான் எல்லோரும் நம்பினார்கள். வைத்தியசாலை அடுத்த மாதமே மூடப்பட்டது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் 6 பேர் சிறை சென்றார்கள்.

2014 இல் இங்கிலாந்தில் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்தது. தேவையுள்ள ஒருவர் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகிறார் என்று சந்தேகம் வந்தால் உள்ளூராட்சி சபை விசாரித்தே ஆகவேண்டும் என்பது இப்போது கடமை. அக்கா பார்த்த பத்து வகைப் பட்டியல் இந்தச் சட்டத்தின் வழிகாட்டிக் குறிப்பில் இருந்து வந்ததுதான். அதில் ஒரு வகை, ஒரு நிறுவனமே தன் வழமைகளால் செய்யும் துஷ்பிரயோகம். கட்டுப்பல்லை வாங்கி வைத்த விடுதிகள் எங்களுக்கு அந்த வரியில் தெரிந்தன. ‘பலவீனமானவர்’ என்று பொருள்படும் பழைய சொல்லும் மாறியது. இப்போது ‘ஆபத்தில் இருப்பவர்’ என்கிறார்கள். குறை அந்த ஆளில் இல்லை, அவர் வைக்கப்பட்டிருக்கும் நிலைமையில் இருக்கு என்பதை அந்தச் சொல் கொஞ்சமாவது ஒத்துக்கொள்கிறது.

ஆனால் இந்த வரலாற்றில் ஒரு விசயம் திரும்பத் திரும்ப வருகிறது. சட்டமோ ஆவணமோ ஏற்கெனவே இருந்தது. முதலில் பேசியவர் கீழ்மட்ட ஊழியராகவோ, மாணவராகவோ, பார்க்க வந்தவராகவோ இருந்தார். மேலே இருந்தவர்கள் நம்ப மறுத்தார்கள். நோயாளர்கள் சொன்னதை அநேகமாக ஒருவரும் கேட்கவேயில்லை.

இதை அக்காவுக்குச் சொன்னபோது அவ கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. 2022 பெப்ரவரியில் பராமரிப்பு ஊழியர்களுக்கும் சுகாதார விசா திறக்கப்பட்டது. 2025 ஜூலையில் வெளிநாட்டில் இருந்து புதிதாக எடுப்பதை நிறுத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் பல நாடுகளில் இருந்தும் போனவர்களில் அக்காவும் ஒருத்தி. அவவின் விசா முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால், வேறு முதலாளி தேட வழமையாகக் கிடைப்பது 60 நாள். “நான் ஏதாவது கண்டால் சொல்லத்தான் வேணும். சொன்னா வேலை போனால் ஆர் பொறுப்பு?” எண்டு கேட்டா. இங்கே ஏஜென்சிக்குக் கட்டிய கடன் இன்னும் முடியவில்லை.  இன்று அங்கே ஒரு முதியவரின் கட்டுப்பல்லைக் கழுவி மாட்டிவிடுபவர், நாட்டைவிட்டே அனுப்பப்படும் பயத்தோடு அதைச் செய்கிறார். அவரைப் பாதுகாக்காமல் அந்த முதியவரைப் பாதுகாக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

எங்கட நாட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்காக 1996 இலும் முதியோருக்காக 2000 இலும் சட்டங்கள் வந்துவிட்டன. ஆகவே சட்டம் இருக்கா என்ற கேள்வியோடு நாங்கள் நின்றுவிடக்கூடாது. எங்கட ஊர் முதியோர் இல்லத்துக்கு நாங்கள் கடைசியாக எப்ப போனோம்? பிறந்தநாளுக்குச் சாப்பாடு குடுக்கப் போய், படம் எடுத்து, முகநூலில் போட்டுவிட்டு வந்தோம். அங்கே இருந்த ஒரு அம்மம்மாவின் கண்ணாடி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த முறை கேட்பதாக முடிவெடுத்திருக்கிறோம்.

அக்காவின் கேள்விக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. அம்மாவிடம் அவ இப்படிச் சொன்னாவாம்: “இங்க இருக்கிற கிழடுகளுக்கு ஒருத்தரும் அநியாயம் செய்யாமப் பாக்கிறதும் என்ர வேலைதான் அம்மா.” அம்மாவுக்கு விளங்கிட்டுதாம்.