மேஜிகார்ப்புக்கும் ஒரு பங்கு

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம்பாய் கருவிக்காக வெளிவந்தது ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’. பின்னால் உலகம் முழுக்கப் போக்கிமான் என்று பெயரெடுத்த விளையாட்டு. அதில் மூன் மலைக் குகைக்குச் சற்று முன்னால், காயம்பட்ட போக்கிமான் பிராணிகளைக் குணப்படுத்தும் நிலையம் ஒன்று வரும். அங்கே நிற்கும் ஆசாமி 500 யென்னுக்கு ஒரு மீனை ஆட்டக்காரரின் தலையில் கட்டிவிடுவார். மேஜிகார்ப் என்று பெயர், ஐந்தாம் லெவல். அதற்குத் தெரிந்த ஒரே வித்தை துள்ளுவது. எத்தனை முறை துள்ளினாலும் எதிரிக்கு ஒன்றும் ஆகாது. 15ஆம் லெவலில்தான் மோதவே கற்றுக்கொள்ளும். ஆனால் 20ஆம் லெவலைத் தொட்டுவிட்டால், கியாரடோஸ் என்னும் கடல் அரக்கனாக உருமாறிவிடும்.

ஐந்திலிருந்து இருபதுக்குப் போக அந்த மீனுக்கு 9,844 அனுபவப் புள்ளிகள் வேண்டும். புள்ளி கிடைப்பதோ சண்டையில் ஜெயித்தால்தான். சண்டையே போடத் தெரியாத மீன் எப்படிச் சம்பாதிக்கும்?

விடை, ஆட்டத்தின் பங்கீட்டு விதியில் இருந்தது. களத்தில் ஒரு கணம் தலைகாட்டி, மயங்கி விழாமல் இருந்தால் போதும். கடைசி அடியை யார் அடித்தாலும் பங்கு உண்டு. ஆட்டக்காரர் மேஜிகார்ப்பை முதலில் இறக்குவார். உடனே அதை உள்ளே அழைத்துவிட்டு வலுவான ஒன்றை அனுப்புவார். மாற்றும் நேரத்தில் எதிரிக்கு ஓர் அடி இலவசம். உள்ளே வருவது அதைத் தாங்கிக்கொண்டு சண்டையை முடிக்கும். குகையில் பறக்கும் பத்தாம் லெவல் ஜூபாட் வௌவாலை வீழ்த்தினால் 77 புள்ளிகள். இரண்டாகப் பிரித்தால் தலைக்கு 38. அந்தக் கணக்கில் 250க்கும் மேற்பட்ட வௌவால்களை விழுத்தாட்டினால்தான் மீன் அரக்கனாகும். உலகெங்கும் பிள்ளைகள் அதைச் சலிக்காமல் செய்தார்கள்.

அனுபவப் புள்ளி என்றதும் எண்ணிக்கைதான் முதலில் மனதில் வரும். அதன் வரலாறோ பெரும்பாலும் பங்கீட்டின் வரலாறு: யார் உழைத்தது, யாருக்கு எவ்வளவு, சண்டை போடாதவருக்குப் பங்கு உண்டா என்ற கேள்விகளின் வரலாறு.

இந்தக் கணக்கு கணினிக்கு முன்பே மேசையில் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர். அங்கிருந்து 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. காகிதம், பென்சில், பகடை ஆகியவற்றைக் கொண்டு நண்பர்கள் கூடி ஆடும் ஆட்டம். அதில் அரக்கர்களைக் கொன்றால் புள்ளி உண்டு. ஆனால் புள்ளிகளில் பெரும்பங்கு புதையலிலிருந்தே வந்தது. பாதாளத்திலிருந்து மீட்டு வரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. ஆகவே சண்டையைத் தவிர்த்துப் பொன்னோடு நழுவி வருவதே கெட்டிக்காரத்தனம். ஒரே அளவு புள்ளி எல்லோரையும் ஒரே லெவலுக்கு ஏற்றவுமில்லை. இரண்டாம் லெவலுக்குப் போக வீரனுக்கு 2,000 வேண்டும், மந்திரவாதிக்கு 2,500, பூசாரிக்கு 1,500 போதும். மெதுவாக வளர்பவர், வேகமாக வளர்பவர் என்ற வேறுபாடு அங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது.

1981இல் ‘அல்டிமா’, ‘விசார்ட்ரி’ என்ற இரண்டு கணினி விளையாட்டுகள் அந்த மேசை ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தன. இரண்டிலும் மனதைப் பறிகொடுத்தவர் ஜப்பானின் யூஜி ஹோரி. 1986 மே 27 அன்று அவருடைய ‘டிராகன் குவெஸ்ட்’ ஃபாமிகாம் கருவிக்கு வெளியானது. பொத்தானைச் சட்டென்று அழுத்தும் கைவேகம் இல்லாதவர்களும் பொறுமை இருந்தால் ஜெயிக்கலாம் என்பதே அதன் பெரிய வாக்குறுதி. கோட்டைக்கு வெளியே திரியும் நீலச் சொட்டு போன்ற ஸ்லைமைக் கொன்றால் ஒரே ஒரு புள்ளி. ஏழு புள்ளி சேர்ந்தால் இரண்டாம் லெவல். தோற்று விழுந்தால் கையிலிருக்கும் பொன்னில் பாதி போய்விடும். அனுபவத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. எத்தனை கனிவான விதி இது! பட்ட பாடு வீண்போகாது என்ற நம்பிக்கைதான் ஜப்பானியப் பிள்ளைகளை அந்த ஆட்டத்தோடு கட்டிப்போட்டது.

அதே ஆட்டத்தில் மெட்டல் ஸ்லைம் என்று ஒன்று உண்டு. உயிர் மிகக் கொஞ்சம், ஓடு இரும்பு. தப்பி ஓடுவதில் மன்னன். அதைப் பிடித்து வீழ்த்தினால் 115 புள்ளிகள். வேட்டையாடி லெவல் ஏற்றும் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்த உலோகச் சொட்டு என்று சொல்லலாம்.

அதுவரை புள்ளி சம்பாதித்தவர்கள் மனித வீரர்கள். அரக்கர்கள் அடிவாங்கப் பிறந்தவை. 1987இல் ஃபாமிகாமுக்கு வந்த ‘மெகாமி டென்செய்’ அதை மாற்றி, பேய்களிடம் பேரம் பேசி அவற்றைப் படையில் சேர்க்கவிட்டது. ஆனால் சேர்ந்த பேய்கள் எவ்வளவு சண்டை போட்டாலும் வளர்வதில்லை. பலம் வேண்டுமென்றால் இரண்டு பேய்களைக் கலந்து மூன்றாவதை உண்டாக்க வேண்டும், பழையவை போனவைதான். சேவகம் பேய்க்கு, அனுபவம் மனிதனுக்கு. 1992 செப்டம்பரில் வந்த ஐந்தாவது ‘டிராகன் குவெஸ்ட்’தான் இந்தக் குறையைப் பெரிய அளவில் தீர்த்தது. தோற்ற அரக்கன் சில வேளைகளில் எழுந்து நின்று ‘நானும் வருகிறேன்’ என்பதுபோல் பார்க்கும். சேர்த்துக்கொண்டால் தனக்கென்று லெவலும் புள்ளியுமாக மனிதர்களோடு சேர்ந்து வளரும்.

டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் பூச்சி பிடித்து வளர்ந்த சதோஷி தஜிரி, தம் கேம் ஃப்ரீக் நிறுவனத்தோடு அடுத்த அடியை எடுத்துவைத்தார். போக்கிமானில் மனிதனுக்கு லெவலே கிடையாது. வளர்வது முழுக்க முழுக்கப் பிராணிகள்தான்.

கணக்கு எளிமையானது. ஒவ்வொரு இனத்துக்கும் ஓர் அடிப்படை மதிப்பு. அதை வீழ்ந்த பிராணியின் லெவலால் பெருக்கி ஏழால் வகுத்தால் கிடைக்கும் புள்ளி வரும். ஜூபாட்டின் மதிப்பு 54. முட்டையைச் சுமந்து திரியும் சாதுவான சான்சிக்கு 255. ஒரு பைட்டில் அதற்கு மேல் எழுத முடியாது. 56ஆம் லெவல் சான்சி ஒன்றைச் சாய்த்தால் 2,040 புள்ளிகள். எதிரி காட்டுப் பிராணியாக இல்லாமல் இன்னொரு பயிற்சியாளருடையதாக இருந்தால் ஒன்றரை மடங்கு. கேபிள் வழியே நண்பரிடமிருந்து மாற்றி வாங்கிய பிராணி என்றாலும் ஒன்றரை மடங்கு. இரண்டு கேம்பாய்களை இணைக்கும் அந்தக் கேபிளில் பூச்சிகள் ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தவர் தஜிரி. கொடுக்கல் வாங்கலுக்குப் புள்ளிக் கணக்கிலேயே பரிசு வைத்தது அவருடைய ஆட்டத்துக்குப் பொருத்தமே. கூடவே ஒரு கடிவாளமும் இருந்தது. அரங்கத் தலைவர்களை வென்று பெறும் பதக்கங்கள் போதாதவரிடம், மாற்றி வாங்கிய உயர் லெவல் பிராணி சொல்பேச்சு கேட்காது. சண்டை நடுவே தூங்கிவிடும்.

லெவல் ஏற எவ்வளவு புள்ளி என்பதற்கு நான்கு பாதைகள். நடுத்தரப் பாதையில் லெவலின் கனமே மொத்தத் தேவை: 50ஆம் லெவலுக்கு 1,25,000; 100ஆம் லெவலுக்கு 10 லட்சம். அதாவது ஐம்பதைத் தொட்டவர் பயணத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் கடந்திருக்கிறார். 99இலிருந்து 100க்குப் போக மட்டுமே 29,701 புள்ளிகள் வேண்டும். வேகமாக வளர்பவற்றுக்கு உச்சத்தில் 8 லட்சம் போதும்; மேஜிகார்ப் போன்ற மெதுவான இனங்களுக்கு 12.5 லட்சம்.

நான்காவது பாதையில் ஒரு விநோதம் ஒளிந்திருந்தது. தொடக்கத்தில் கையில் தரப்படும் மூன்று பிராணிகளும், மியூ என்ற அரிய பிராணியும் அதில்தான் வளர்கின்றன. லெவலின் கனத்தை ஐந்தில் ஆறு மடங்காக்கி, அதிலிருந்து வர்க்கத்தின் 15 மடங்கைக் கழித்து, லெவலின் 100 மடங்கைக் கூட்டி, கடைசியில் 140ஐக் கழிப்பது அதன் சூத்திரம். பெரிய லெவல்களில் ஒழுங்காக வேலை செய்யும். ஒன்றாம் லெவலில் மட்டும் விடை மைனஸ் 54. புள்ளிகளைச் சேமிக்க ஒதுக்கியிருந்த மூன்று பைட்டுகளுக்கோ மைனஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த எண் அப்படியே சுற்றிக்கொண்டு 1,67,77,162 ஆகிவிடும்.

வழக்கமான ஆட்டத்தில் ஒன்றாம் லெவல் பிராணியே வராது. புல்வெளியில் கிடைக்கும் ஆகக் குறைந்தது இரண்டாம் லெவல். ஆகவே இந்தப் பிழை யாருக்கும் தெரியாமல் இருந்தது. பின்னர் ரசிகர்கள் நிரலின் இன்னொரு ஓட்டை வழியாக மியூவை வரவழைக்கும் உத்தியைக் கண்டுபிடித்தார்கள். அதில் வரும் பிராணியின் லெவல், கடைசியாகச் சந்தித்த எதிரியின் தாக்கு வலு எத்தனை படி இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உறுமி உறுமி ஆறு படி இறக்கிவிட்டால் ஒன்றாம் லெவல் மியூ வரும். அதற்கு 54க்கும் குறைவாகப் புள்ளி கிடைக்கும்படி ஒரு சண்டையை முடித்தால், கோடியைத் தாண்டிய தொகையைப் பார்த்த ஆட்டம் அதை நேரே 100ஆம் லெவலில் உட்கார வைத்துவிடும்.

திரையில் தெரியாத இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. வீழ்த்திய ஒவ்வொரு எதிரியின் அடிப்படை வலிமைகளும் ஜெயித்த பிராணியின் பெயரில் ரகசியமாகச் சேரும். ஒவ்வொரு வலிமைக்கும் உச்ச வரம்பு 65,535. லெவலை ஒரேயடியாக ஏற்றும் ரேர் கேண்டி மிட்டாய் தின்றே வளர்ந்த பிராணியும், சண்டையில் அடிபட்டு வளர்ந்த பிராணியும் ஒரே இனம், ஒரே லெவலாக இருந்தாலும் பின்னதே பலசாலி. ஆட்டம் இதை எங்கும் விளக்கவில்லை. 2002இல் ‘ரூபி’, ‘சஃபையர்’ பதிப்புகள் இந்த மறைகணக்கைத் திருத்தி மொத்தம் 510 என்று வரம்பு கட்டின. அதன்பின் எதை எத்தனை முறை வீழ்த்துவது என்று போட்டியாளர்கள் தாளில் கோடு போட்டு எண்ண வேண்டியதாயிற்று. 2013இல்தான் அது திரையில் வெளிப்படையாகத் தெரிந்தது.

இனிப் பங்கீட்டின் கதை. முதல் ஆட்டத்திலேயே எல்லோருக்கும் பகிரும் கருவி ஒன்று உண்டு. 50 இனங்களைப் பிடித்தவருக்குத்தான் கிடைக்கும். அதை வைத்திருந்தால் புள்ளியில் பாதி சண்டை போட்டவற்றுக்கு, மீதிப் பாதி அணியின் ஆறுக்கும். ஆறாகப் பிரித்தபின் ஒவ்வொன்றின் கையிலும் விழுவது சில்லறை. அந்தச் சில்லறைக்கும் ஒவ்வொன்றின் பெயரைச் சொல்லித் தனித்தனி அறிவிப்பு வரும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் பொத்தானை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்துபோகும். 1999 நவம்பரில் வந்த ‘கோல்ட்’, ‘சில்வர்’ பதிப்புகள் அதை ஒரு பிராணி மட்டும் சுமக்கும் பொருளாக மாற்றின. சுமப்பது களமிறங்காமலே பாதிப் பங்கைப் பெறும். யார் கழுத்தில் அதை மாட்டுவது என்பது ஆட்டக்காரரின் முடிவு. வடிவமைப்பில் மிகச் சிறந்த கட்டம் இதுதான். உழைப்பவருக்கும் உதவி தேவைப்படுபவருக்கும் நடுவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அது ஆடுபவரிடமே விட்டது.

2010 செப்டம்பரில் ‘பிளாக்’, ‘ஒயிட்’ பதிப்புகள் வேறொரு நியாயத்தைக் கொண்டுவந்தன. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் உள்ள லெவல் இடைவெளியும் கணக்கில் சேர்ந்தது. 50ஆம் லெவல் பிராணி 20ஆம் லெவலை அடித்தால், வழக்கமான தொகையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 20ஆம் லெவல் பிராணி 50ஆம் லெவலை வீழ்த்தினாலோ இரு மடங்குக்கு மேல். வலியோன் எளியோனை அடித்துக் குவிக்கும் வழி அடைபட்டது. ஆனாலும் சலசலக்கும் புல்லில் ஒளிந்திருக்கும் ஆடினோ என்ற சாதுப் பிராணிக்கு 390 என்று மதிப்பு வைத்தார்கள். மெட்டல் ஸ்லைமின் இடத்தில், ஓடவும் தெரியாத ஓர் அப்பாவி. அதை மணிக்கணக்கில் அடித்தே அந்தத் தலைமுறை தன் அணிகளை வளர்த்தது.

2013 அக்டோபரில் உலகெங்கும் ஒரே நாளில் வந்த ‘எக்ஸ்’, ‘ஒய்’ பதிப்புகளில் பழைய பங்கீடு முடிவுக்கு வந்தது. களமிறங்கியவை ஒவ்வொன்றுக்கும் முழுத் தொகை, பிரிப்பதே இல்லை. பகிர்வுக் கருவியை இயக்கினால் வேடிக்கை பார்த்தவற்றுக்கும் ஆளுக்குப் பாதி. எதிரியை வீழ்த்தாமல் பிடித்தாலும் புள்ளி கிடைக்கலாயிற்று. பிடிப்பதையே அடிப்படையாகக் கொண்ட ஆட்டம் அதற்குப் புள்ளி தர 17 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது! 2019இல் ‘ஸ்வார்ட்’, ‘ஷீல்ட்’ வந்தபோது கருவியும் இல்லை, அணைக்கும் பொத்தானும் இல்லை. பகிர்வு எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. கூடவே 100 புள்ளி முதல் 30,000 புள்ளி வரை தரும் மிட்டாய்கள் ஐந்து அளவுகளில் வந்தன. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அரைமணி நேரம் மட்டும் ஆடுபவருக்கு இது பெரிய வரம். ஆனால் மேஜிகார்ப்பை முதலில் இறக்கி, பயந்து பயந்து உள்ளே இழுக்கும் அந்த விளையாட்டு தேவையற்றுப் போனது. தானாக வளரும் மீனின் மேல் யாருக்கும் தனி அக்கறை வருவது கடினம்.

2016இல் வந்த ‘போக்கிமான் கோ’ கணக்கைத் தலைகீழாகப் புரட்டியது. அங்கே பிராணிகளுக்கு அனுபவமே சேராது. நடந்து அலையும் மனிதருக்குத்தான் சேரும். அப்போதைய உச்சமான 40ஆம் லெவலுக்கு மொத்தம் 2 கோடி புள்ளிகள் வேண்டியிருந்தது.

பழைய பதற்றத்தைத் தேடிய ரசிகர்கள் வேறு வழி கண்டார்கள். ‘நஸ்லாக்’ என்று அவர்கள் அழைக்கும் சுயவிதி ஆட்டத்தில் மயங்கி விழும் பிராணி இறந்ததற்குச் சமம். திரும்ப எடுக்கக் கூடாது. அதன் கடுமையான வடிவத்தில், அடுத்த அரங்கத் தலைவரின் ஆக வலுவான பிராணி எந்த லெவலோ, அதைத் தாண்டித் தம் அணியில் எதையும் ஏற்றக் கூடாது. இவர்களில் பலர் வௌவால் வேட்டைக்கு நேரத்தைச் செலவிடாமல், ரேர் கேண்டியை வேண்டிய மட்டும் வரவழைத்து எல்லாவற்றையும் அந்த வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். சண்டை நடுவே ஒரு பிராணி தற்செயலாக வரம்பைத் தாண்டிவிட்டால், அதை அந்தத் தலைவருக்கு எதிராக இறக்க முடியாது. அதனால் எந்த எதிரியை யாரைக் கொண்டு வீழ்த்துவது, யாருக்குப் புள்ளி போகாமல் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ரசிகர்களே மாற்றி எழுதிய சில பதிப்புகளில் இந்த வரம்பு நிரலுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது.