பூந்தொட்டி வாங்கும் முன் அடுப்படியைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் புதினா வாங்குகிறோம். இலையை ஆய்ந்துகொண்டு தண்டைக் குப்பையில் போடுகிறோம். பாஸ்மதி அரிசி வந்த பையும் அதே குப்பைக்குத்தான் போகிறது. அந்தப் பையில் மண்ணை நிரப்பி, அந்தத் தண்டையே நட்டு வைத்தால் அடுத்த மாதத்துக்குள் துவையலுக்குப் புதினா கிடைக்கும்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் நம்மில் பலர் சிறிய அடுக்ககங்களில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. நமக்கென்று இருப்பது ஒரு ஜன்னலும் ஒரு சிறிய பால்கனியும்தான். இதில் தொட்டிகளுக்குப் பணம் செலவழிக்கத் தயங்குவது நியாயமே. ஆனால் செடிக்குத் தேவை தொட்டி அல்ல; வேர் பிடிக்க ஆழம், வடிய ஓட்டை, கொஞ்சம் வெளிச்சம். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளைக் கொடுக்கத் தொடங்கியது. அதிலும் இருந்தவை பாலித்தீன் பைகள், தென்னை நார்க்கழிவு, விதைகள் போன்றவைதான். மண் தொட்டி இல்லை.

எதில் எதை வளர்க்கலாம்?

* பாஸ்மதி அரிசிப் பை: வாயை வெளிப்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்தால் பை சாயாமல் நிற்கும். அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் சுற்றிலும் ஆறு ஓட்டைகள் போடுங்கள். புதினா, கொத்தமல்லி, சிறுகீரை நன்றாக வரும். நேர்வெயில் படும் இடத்தில் பை நாளடைவில் நைந்து நூல் நூலாக உதிரும். அதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

* பால் பாக்கெட்: அரை லிட்டர் கவரைக் கழுவி, ஒரு முனையை முழுவதும் வெட்டி, அடியில் நான்கு துளைகள் போட்டால் நாற்றுப் பை தயார். மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றை இதில் ஒரு மாதம் வரை வளர்த்துப் பெரிய பைக்கு மாற்றலாம்.

* கொட்டாங்கச்சி: கண்ணைக் குத்திவிட்டால் அதுவே வடிகால். ஜன்னல் ஓரத்தில் வெந்தயக் கீரைக்குப் போதும். மூன்று, நான்கு வாரத்தில் கிள்ளலாம்.

* தண்ணீர் பாட்டில்: இரண்டு லிட்டர் பாட்டிலைப் பாதியாக வெட்டுங்கள். மூடியில் துளையிட்டு, பழைய பருத்தித் துணியைத் திரியாக நுழையுங்கள். மேல்பாதியைக் கவிழ்த்து அடிப்பாதிக்குள் செருகி, மேலே மண், கீழே தண்ணீர் வையுங்கள். திரி வழியே செடி தானே நீரை இழுத்துக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். வெளியே துணி சுற்றிவிடுங்கள்.

* உடைந்த பக்கெட், குடம்: 15 முதல் 20 லிட்டர் பிடிக்கும் என்றால் தக்காளி, மிளகாய், கத்தரி வைக்கலாம். இவற்றுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். வெயில் குறைந்த வீட்டில் புதினா, கற்பூரவள்ளியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

பெயிண்ட் வாளி, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றில் சாப்பிடும் செடி எதையும் வளர்க்க வேண்டாம். வாட்டர் கேனை வெட்டுவதற்கு முன் அது யாருடையது என்று யோசியுங்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும் கேன் போடுகிறவருக்குத் திருப்பித் தரவேண்டியது அது. அமானிதப் பொருளில் தோட்டம் போடக் கூடாது.

வெறும் மண் வேண்டாம்

வெறும் மண் பைக்குள் இறுகிவிடும், கனமும் அதிகம். மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலக்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். கொத்தமல்லி விதையை இலேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் நன்றாக முளைக்கும்.

கவனம்: தேங்கும் தண்ணீர்

இங்கேதான் நான் தவறு செய்தேன். தரை அழுக்காகாமல் இருக்கப் பைக்குக் கீழே ஒரு தட்டு வைத்தேன். வடிந்த நீரைக் கொட்டவில்லை. கொசு ஒழிப்புக்கு வந்த மாநகராட்சிப் பணியாளர் தட்டைத் தூக்கிக் காட்டியபோது உள்ளே புழுக்கள் நெளிந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. இப்படித் தேங்கும் ஓரளவு சுத்தமான நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே வாரம் ஒருமுறை தட்டையும், பாட்டிலின் அடிப்பாதியையும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஜும்ஆ நாளை இதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது. கீரைக்காகப் பிள்ளைகளைக் காய்ச்சலில் தள்ளிவிடக் கூடாது.

அண்டை வீட்டாரின் ஹக்கும் இதில் இருக்கிறது. நம் பால்கனியிலிருந்து வடியும் மண் தண்ணீர் கீழ்வீட்டில் காயும் துணியில் விழலாமா? கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்காதீர்கள். மழைக்காலக் காற்றில் ஒரு வாளி விழுந்தால் கீழே நடப்பவரின் உயிருக்கே ஆபத்து.

தண்ணீருக்குத் தனியாகக் குழாயைத் திறக்க வேண்டியதில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை. அரிசி களைந்த நீர் போதும். ஒளுச் செய்யும் நீரை ஒரு பேசினில் பிடித்து ஊற்றினாலும் போதும். விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். வீட்டுக்குள் வளரும் செடிகள் பெரும்பாலும் சாவது தாகத்தால் அல்ல, வேர் அழுகித்தான்.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அதற்குத் தோப்பு வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இந்த ஞாயிறு புதினாத் தண்டை எறியாதீர்கள். இலை ஆய்ந்த தண்டில் தடித்தவையாக ஐந்தாறு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் வெள்ளை வேர் தெரியும். அரிசிப் பையை அதற்குள் தயார் செய்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.