தேயிலைப் பெட்டி ஈயத்தாள்

தேயிலைப் பெட்டிக்குள் ஈரமும் பிற வாடையும் புகாமல் விரிக்கப்பட்ட மெல்லிய உலோகத் தாள். முதலில் ஈயத்தில் செய்தார்கள், பிறகு அலுமினியத்தில். உலோகம் மாறியும் பேச்சுவழக்கில் ஈயத்தாள் ஈயத்தாளாகவே நின்றுவிட்டது.

இலங்கையில் பூனாகலை உள்ளிட்ட ஊவாத் தோட்டங்களுக்கு இத்தாள் மிக வேண்டியதாக இருந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது இங்குள்ள கொழுந்தில் ஏறும் வாசத்துக்குத்தான் நல்ல விலை. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், காய்ந்து வரும் தூளில் ஈரம் சுமார் 3 சதவீதமே. கப்பலில் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டால் வாசம் போய்விடும்.

ஈயத்தாள் சீனர் வழக்கம். காகிதம் போர்த்திய ஓட்டின்மேல் உருகிய ஈயத்தை ஊற்றி, இன்னொரு ஓட்டை வைத்து அழுத்துவார்கள், தாள் கிடைத்துவிடும். கனமும் நஞ்சும் ஒருபுறமிருக்க, ஈயத்துக்கு ஆட்டம் ஆகாது. 1920களில் ஈய உறை போட்ட மின்வடங்கள் கப்பலிலும் ரயிலிலும் அதிர்ந்தே வெடித்ததை ஆய்வாளர்கள் கவனித்தனர். உலோகத்தின் நுண்மணிகள் ஒட்டும் எல்லை வழியே விரிசல் ஓடியிருந்தது. இதுவே உலோகச் சோர்வு: ஒரே இழுப்பில் அறாதது, சிறு அசைவு பல்லாயிரம் முறை நேர்ந்தால் அறுந்துபோகும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்பெர்ட் 1829இலேயே சுரங்கச் சங்கிலிகளில் இதைச் சோதித்திருந்தார். 1894 முதல் பண்டாரவளையில் ரயிலேறிக் கொழும்புக்கு இறங்கிய பெட்டிகளுக்கும் ஆட்டம் குறைவில்லை.

அலுமினியத் தாளை 1910இல் சுவிட்சர்லாந்தில் வணிக அளவில் உருட்டத் தொடங்கினர். கடைசி உருட்டில் இரண்டு தாள்களைச் சேர்த்துவிடுவதால் உருளை பட்ட பக்கம் பளபளக்கும், உள்பக்கம் மங்கலாயிருக்கும். மிக மெல்லிய தாளை விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும்.

தாளின் வலுவை அளக்க, ஜான் முல்லன் 1887இல் காகிதத்துக்காக அமைத்த கருவி உதவியது. ரப்பர் சவ்வு ஊதி எழுந்து தாளைப் பிளக்கும். அப்போதைய அழுத்தமே அளவு. 1959இல் ஜெ. டபிள்யூ. பீம்ஸ் தங்க, வெள்ளிப் படலங்களை ஏறத்தாழ இதேபோல் உப்பவைத்து, அதே உலோகத்தின் கட்டியைவிடப் படலம் வலியது என்று காட்டினார். ஆனால் பெட்டி மூலையில் நூறு தடவை மடிந்து நிமிரும் தாளைப் பற்றி முல்லன் கருவி எதுவும் சொல்லாது. அதற்குக் கெல்போ கருவி வேண்டும். தாளைக் குழாய்போல் சுருட்டி மாட்டினால், 440 பாகை முறுக்கி, நசுக்கி, திரும்ப நீட்டும். நிமிடத்துக்கு 45 முறை, கடுஞ்சோதனையில் மொத்தம் 2,700 முறை. பின் சாயம் கலந்த டர்பன்டைனைத் தடவி, கீழே வைத்த வெள்ளைத் தாளில் ஊறிய புள்ளிகளை எண்ணுவார்கள். துணி நெய்பவர் இழை எண்ணுவதைப் போன்ற பொறுமையான வேலை.

பிற்பாடு பலகைப் பெட்டியின் இடத்தைப் பல அடுக்குக் காகித மூட்டை பிடித்தது. அதன் உள்ளடுக்கில் அலுமினியம் காகிதத்தோடு ஒட்டியே வருகிறது. மடிப்பின் சுமையைக் காகிதமும் தாங்குகிறது. சில்லறைப் பொட்டலங்களிலோ பிளாஸ்டிக்கின்மேல் ஆவியாய்ப் படிந்த, சில பத்து நானோமீட்டர் அலுமினியமே இருக்கிறது. ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லிய படலத்தில், சோர்வு விரிசலைத் தொடங்கிவைக்கும் மேற்பரப்பு முகடுகள் எழ இடமில்லை. அதனால் அது கட்டி உலோகத்தைவிடக் கூடுதல் சுற்றுகள் தாங்கக்கூடும். அடியிலுள்ள பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டாலோ ஒரே இழுப்பில் கீறல் விழுந்துவிடும்.