கால்நடைக் காவல் நாய் (சிறு பண்ணைகளில்)

ஆடு, மாடு, கோழிகளோடு இரவும் பகலும் கூடவே இருந்து, ஓநாயும் நரியும் பிற வேட்டை விலங்குகளும் நெருங்காமல் காக்கும் பெருவுடல் நாய்களுக்குக் கால்நடைக் காவல் நாய் என்பது பொதுப்பெயர். மந்தையை விரட்டித் திருப்பி ஓட்டும் பார்டர் கோலி போன்ற மேய்ப்பு நாய்கள் இதில் சேரா. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட மலைத்தொடரின் கிரேட் பிரனீஸ், நடு இத்தாலியின் மரெம்மா, துருக்கியில் சிவாஸ் மாகாணத்தின் காங்கல், ஹங்கேரியின் கொமொண்டோர், குவாஸ் ஆகியவை பெயர்பெற்றவை. வளர்ந்த ஆண் நாய் பெரும்பாலும் 45 முதல் 60 கிலோ வரை இருக்கும். இவை எல்லாமே வேலியில்லாத மேய்ச்சல் நிலங்களில் இடையர்களோடு நடந்து உருவானவை. இன்று மேலை நாடுகளில் இவற்றை வாங்குவோரில் பலர் ஐந்து, பத்து ஏக்கரில் கொஞ்சம் ஆடும் கோழியும் வைத்திருக்கும் சிறு பண்ணையாளர்கள். நாயைப் பற்றி அவர்கள் சொல்லும் குறைகளில் பல இந்த இடமாற்றத்தால் வருபவை.

வரலாறு

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியரான வாரோ தம் வேளாண்மை நூலில் இந்த நாய்க்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். ஓநாய் கழுத்தைக் கவ்வாதிருக்க, ஆணி பதித்த தோல்பட்டை கட்டச் சொன்னவர் அவர். அடுத்த நூற்றாண்டில் வந்த கொலுமெல்லா, ஆட்டுக்காவல் நாய் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார். மங்கிய வெளிச்சத்தில் ஓநாய் என்று நினைத்து இடையன் தன் நாயையே அடித்துவிடக்கூடாது என்பது காரணம். வீட்டுவாசல் நாயோ திருடன் மிரளும்படி கறுப்பாக இருக்கட்டும் என்றார். ஒரே நாய் ஆட்டையும் காக்க வேண்டும், வீட்டையும் காக்க வேண்டும், குழந்தைகளோடும் விளையாட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் யோசிக்க வேண்டிய பிரிவினை இது.

ஓநாய் ஒழிந்த இடங்களில் இந்த நாய்க்கும் வேலை போயிற்று. 1992இல் இத்தாலியிலிருந்து ஓநாய்கள் பிரான்சின் மெர்கந்தூர் தேசியப் பூங்காவுக்குள் திரும்பி வந்ததும், அங்கே பத்தூ என்று அழைக்கப்படும் பிரனீஸ் நாயும் ஆல்ப்ஸ் மலைக்கு வரவழைக்கப்பட்டது. அமெரிக்காவில் திருப்பம் வேறு வழியில் வந்தது. கயோட்டி எனும் சிறு ஓநாய் போன்ற விலங்குகளை நஞ்சு வைத்துக் கொல்வதை மத்திய அரசு நிலங்களில் 1972இல் அதிபர் நிக்சனின் ஆணை தடுத்தது. வேறு வழி தேடிய ஆட்டுப்பண்ணைகளுக்கு, மாசச்சூசெட்ஸின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் நாய்களைக் கொண்டுவந்து பகிர்ந்தளித்து, அவை எப்படி வேலை செய்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். இன்றைய வளர்ப்பு முறை பெரும்பாலும் அந்த ஆய்விலிருந்து பிறந்தது.

காக்கும் விதம்

ஓநாயோடு கட்டிப்புரளும் வீர நாய் என்ற படம் கதைகளுக்குத்தான் பொருந்தும். நாய் செய்வது பெரும்பாலும் இடைஞ்சல். எல்லையில் சிறுநீர் கழித்துத் தன் இருப்பை அறிவிக்கும், இரவெல்லாம் குரைக்கும், சந்தேகம் வந்தால் மந்தைக்கும் வந்த விலங்குக்கும் நடுவில் போய் நிற்கும். பசியோடு வந்த விலங்கு, காயப்படத் துணியாமல் வேறு இரை தேடிப் போய்விடும். சண்டை கடைசி வழி.

எல்லா நாய்க்குள்ளும் உற்றுப் பார்த்தல், பதுங்கிப் போதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல் என்ற வேட்டைத் தொடர் இருக்கிறது. மேய்ப்பு நாயில் பதுங்கலும் துரத்தலும் கூர்மையாக்கப்பட்டு, கடி அடக்கப்பட்டிருக்கிறது. காவல் நாயில் இந்தத் தொடர் முழுவதுமே மழுங்கியிருக்கிறது என்பது காப்பிங்கர்களின் விளக்கம். ஆகவே பார்டர் கோலிக்கும் பிரனீஸுக்கும் பிறந்த கலப்புக் குட்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது ஆபத்து: ஆட்டைத் துரத்தும் ஆசையும் பெரிய உடம்பும் ஒரே நாயில் சேர்ந்துவிடும்.

வளர்ப்பு

காவல் வேலையை நாய்க்குக் கட்டளை சொல்லிப் பழக்க முடியாது. நாயை ஆட்டோடு வளர்த்துத்தான் காவலனாக்க வேண்டும். குட்டி யாரைத் தன் இனமாக ஏற்கிறது என்பது ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பதினாறாம் வாரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் ஆட்டின் வாடையிலும் சத்தத்திலும் வாழ்ந்த குட்டிக்கு ஆடுதான் சொந்தம். ஆட்டுக்கொட்டிலிலேயே, வேலை செய்யும் தாய்க்குப் பிறந்த குட்டியைத் தேடி வாங்குவது பாதி வேலையை முடித்துவிடும். வீட்டுக்குள் மெத்தையில் வளர்த்து, ஒரு வயதில் மந்தைக்குள் விட்டால் அது வாசற்படியைத்தான் காக்கும்.

மனிதரே தொடக்கூடாது என்று முன்பு ஒரு கருத்து பரவியிருந்தது. அது மிகை. கயிற்றில் நடக்கவும், ஊசி போடும்போது அடங்கி நிற்கவும், கூப்பிட்டால் வரவும் குட்டி பழகியிருக்க வேண்டும். பிடிபடாத ஐம்பது கிலோ நாயை எந்த மருத்துவரும் பார்க்க மாட்டார்.

குட்டியைத் தொடக்கத்தில் பெரிய, நிதானமான ஆடுகளோடு விடுவது நல்லது. மிஞ்சினால் முட்டித் தள்ளும் ஒரு கிழட்டு ஆடு சிறந்த ஆசான். ஆனால் குட்டி ஒதுங்கிக்கொள்ள, ஆடு நுழைய முடியாத ஒரு மூலையும் வேண்டும். தீனியையும் அங்கேதான் வைக்க வேண்டும். நாய்த்தட்டில் ஆடு வாய் வைத்தால் அமைதியான நாயும் கடித்துவிடும்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை சோதனைக் காலம். ஆட்டுக்குட்டியின் காதைக் கவ்வி இழுப்பது, கோழியைத் துரத்தி விளையாடுவது எல்லாம் அப்போது நடக்கும். கொல்லும் நோக்கம் இல்லாவிட்டாலும் கோழி செத்துப்போகும். இதைப் பார்த்ததும் கெட்ட நாய் என்று விரட்டிவிடுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். கண்காணிப்பும், தனியே அடைத்தலும், காலமும் பெரும்பாலான நாய்களைச் சரிசெய்யும். ஏறக்குறைய இரண்டு வயது ஆகும்வரை ஈனும் ஆடுகளோடும் பச்சிளங்குட்டிகளோடும் தனியே விடக்கூடாது. தேறிய நாய் ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்துவிடும். அதனால் வாடை பிடித்து நரி வராது.

சிறு பண்ணையின் சிக்கல்கள்

முதலாவது வேலி. மலையில் ஓர் இரவில் பல கிலோமீட்டர் சுற்றிவந்த இனத்துக்கு ஐந்து ஏக்கர் போதுமானதாகத் தெரியாது. பக்கத்து நிலத்தையும் தன் எல்லையாகச் சேர்த்துக்கொள்ளும், சாலைக்குப் போய் வண்டியில் அடிபடும். ஐந்தடிக் கம்பிவலையும், அடியில் தோண்டாமலிருக்க ஒரு மின்கம்பியும் நாய் வருமுன்பே தயாராக இருக்க வேண்டும். கருத்தடை செய்வது அலைச்சலைக் குறைக்கும்.

இரண்டாவது குரைப்பு. இரவில் குரைப்பதுதான் இதன் தொழில்; அதை நிறுத்தப் பழக்குவது காவலையே நிறுத்துவதாகும். கூப்பிடு தூரத்தில் அண்டைவீடு இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுவது உறவுக்கு நல்லது. ஆல்ப்ஸில் மலையேறிகளுக்கும் பத்தூக்களுக்கும் ஏற்பட்ட மோதல்களால், மந்தையைச் சுற்றி விலகிப் போங்கள் என்று பாதையோரம் பலகைகளே வைத்திருக்கிறார்கள். பண்ணைக்கு வரும் பால்காரரும் கூரியர் பையனும் நாயின் கண்ணில் அந்நியர்களே.

இந்தச் சிக்கல்கள் இருந்தாலும், பறவைகளைக்கூட இந்த நாய் காக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. விக்டோரியா மாநிலத்தின் வார்னம்பூல் அருகே மிடில் ஐலண்ட் என்ற சிறு தீவுக்கு, நீர்மட்டம் தாழும்போது நரிகள் கடந்துபோய்ச் சிறு பென்குயின்களைக் கொன்றன. நூற்றுக்கணக்கில் இருந்த பறவைகள் 2005 வாக்கில் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. தன் கோழிகளை மரெம்மா நாய்களால் காத்துவந்த ஒரு பண்ணையாளரின் யோசனைப்படி, 2006இல் அந்த இன நாய்கள் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டன; எண்ணிக்கை மீண்டும் நூறைத் தாண்டியது. 2017இல் கடல் கொந்தளிப்பால் நாய்களைத் தீவில் விட முடியாத நாட்களில் நரிகள் நுழைந்து நூற்றுக்கு மேற்பட்ட பென்குயின்களை அழித்தன. நாய் இல்லாத இரவுகளே நாயின் மதிப்பைக் காட்டின.

உடல்நலம்

பெருவுடல் இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் வயிறு முறுக்கிக்கொள்ளும் நோயும் வரும். பின்னது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். குட்டி வேகமாக வளரட்டும் என்று கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த தீனியைத் திணிப்பது மூட்டைக் கெடுக்கும். வெறிநாய்த் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் தவறக்கூடாது. அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள நீர்க்கட்டியிலிருந்து நாய்க்கு நாடாப்புழு வரும். அதன் முட்டை மனிதருக்குப் போனால் ஈரலில் கட்டி உண்டாகும். இரட்டை அடுக்கு மயிரை வெயிலுக்காக மழிக்கத் தேவையில்லை. நிழலும் தண்ணீரும் போதும்.

இந்தியாவில்

இமயமலையில் கத்தி (Gaddi) எனப்படும் இடையர்களின் கத்தி நாய், சிறுத்தையிடமிருந்து தப்ப முள்பதித்த இரும்புப்பட்டை அணிந்து மந்தையோடு நடக்கிறது. தமிழ்நாட்டின் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேட்டை நாய்கள். துரத்துவதற்காக வளர்க்கப்பட்டவற்றை ஆட்டுக்கிடைக்குக் காவல் வைப்பது மேற்சொன்ன காரணத்தாலேயே சரிவராது. பனிமலை மயிர் கொண்ட பிரனீஸைச் சமவெளி வெயிலுக்குக் கொண்டுவருவது நாய்க்குச் செய்யும் கொடுமை. வெப்ப நாட்டுக்கு நமீபியா வேறு வழி காட்டியது: சிவிங்கிப்புலிகளை விவசாயிகள் சுட்டுக்கொல்வதைக் குறைக்க, லாரி மார்க்கர் நிறுவிய அமைப்பு 1994 முதல் மயிர் குட்டையான அனத்தோலிய நாய்களைக் கொடுத்துவருகிறது.

திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் அண்மை ஆண்டுகளில் பட்டி ஆடுகளைக் கடித்துக் கொன்றவை தெருநாய்க் கூட்டங்கள். கூட்டத்துக்கு எதிரே ஒற்றைக் காவல் நாய் நிற்காது. குறைந்தது இரண்டு வேண்டும், அவற்றுக்குத் தீனிச் செலவும் இரண்டு ஆண்டுப் பொறுமையும் வேண்டும். பத்து ஆடு மட்டும் வைத்திருப்பவர், நாய்க்குச் செலவிடுவதை மேலும் கீழும் கம்பிவலை அடித்த இரவுப் பட்டிக்குச் செலவிடுவதே மேல்.