பெயர் தைத்தவர்கள்

பூத்தையல் தெரிந்தவர்கள் பிறர் செய்த வேலையைக் கையில் வாங்கியதும் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். என் அம்மாவிடம் நான் கண்ட பழக்கம் இது. முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் எப்படித் தாவியிருக்கிறது என்பதையெல்லாம் பின்பக்கம்தான் சொல்லும் என்பார். சங்கிலித் தையலில் கொடியும் காம்புத் தையலில் இலைகளுமாக அவர் தைத்த தலையணை உறைகள் இரண்டு இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் எங்குமே அவர் பெயர் இல்லை. உலகின் மிகப் புகழ்பெற்ற பூத்தையல் ஒன்றின் வரலாற்றைப் படித்தபோது அந்த உறைகள்தாம் நினைவுக்கு வந்தன.

பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில் பாயூ என்றொரு சிறு நகரம் உண்டு. அந்நகரின் பெயரால் வழங்கும் சித்திரத் துணியை உலகம் ‘டேப்பஸ்ட்ரி’ என்று அழைக்கிறது. அப்பெயரே ஒரு பிழை. டேப்பஸ்ட்ரி என்பது தறியிலேயே உருவங்களை நெய்து எடுப்பது. பாயூ துணியோ நெய்து முடிந்த லினன் துணியின்மேல் ஊசியும் கம்பளி நூலும் கொண்டு தைத்தது. ஒன்பது துண்டுகளை இணைத்த அத்துணியின் நீளம் 68 மீட்டருக்குச் சற்று மிகுதி. அகலம் ஏறத்தாழ அரை மீட்டர். நார்மண்டிக் கோமகன் வில்லியம் 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் ஹெரால்டு மன்னனை வென்று இங்கிலாந்தைக் கைப்பற்றிய கதை, சுருக்கமான லத்தீன் வாசகங்களோடு அதில் காட்சி காட்சியாக விரிகிறது. போர் நடந்து சில பத்தாண்டுகளுக்குள்ளேயே அது தைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

அதன் தையல் முறை எளிமையானது, சிக்கனமானதும்கூட. உருவத்தின் விளிம்பு காம்புத் தையலில் அமைகிறது. உள்ளிடத்தை நிரப்பக் கம்பளி இழைகளை ஒன்றையொட்டி ஒன்றாகத் துணியின்மேல் பரப்புகிறார்கள். ஊசி விளிம்பில் இறங்கி அருகிலேயே மேலேறிவிடுவதால் பின்பக்கத்தில் நூல் வீணாவதில்லை. பிறகு அவ்விழைகளுக்குக் குறுக்கே, சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒற்றை இழைகளை வைத்து, அவற்றைச் சிறு தையல்களால் அழுத்திக் கட்டுகிறார்கள். கூரையில் ஓலை பரப்பி, மேலே வரிச்சு வைத்துக் கட்டுவதைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். நிறங்கள் பத்து. அவற்றுக்கு அடிப்படையான சாயச் செடிகளோ மூன்றே: சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த மேடர் வேர், மஞ்சளுக்கு வெல்ட், நீலத்துக்கு வோட். வோட் இலை தருவதும் நம் அவுரி தரும் அதே நீலம்தான். இத்தனை குறைந்த நிறங்களுக்குள் தைத்தவர்கள் ஓர் உத்தியைக் கண்டடைந்தார்கள். குதிரையின் அப்புறத்துக் கால்களை வேறு நிறத்தில் தைத்தார்கள். தட்டையான துணியில் ஆழம் பிறந்தது.

தைத்தவர்கள் யார்? வில்லியத்தின் அரசி மெட்டில்டா தன் தோழியரோடு தைத்தாள் என்பது நெடுங்காலம் வழங்கிய கதை. வில்லியத்தோடு ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரனும் பாயூவின் ஆயருமான ஓடோ செய்வித்தது, தைத்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அப்படியானால் தோற்ற மக்களின் கைகளே வென்றவனின் கதையைத் தைத்திருக்கின்றன. அவர்கள் பெண்களாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆயினும் நூற்றுக்கணக்கான ஆண்கள் நடமாடும் அத்துணியின் மையப் பகுதியில் மூன்றே பெண்கள். அவர்களில் ஒருத்திக்கு மட்டுமே பெயர் தைக்கப்பட்டுள்ளது: ஆல்ஃப்கிவா. அவள் யார் என்பது இன்றுவரை புதிர்.

அக்காலத் தையற்காரியரின் பெயர்கள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. 1086-இல் வில்லியம் எடுப்பித்த ‘டூம்ஸ்டே’ நிலக்கணக்கில் இருவர் இருக்கிறார்கள். அரசனுக்கும் அரசிக்கும் பொன்னிழை வேலை செய்த லியோஃப்கித் ஒருத்தி. அதிகாரி ஒருவரின் மகளுக்குப் பொன்னிழைத் தையல் கற்பிப்பதற்காகச் சிறிது நிலம் பெற்ற ஆல்ஃப்கித் மற்றொருத்தி. அவர்களை வரலாற்றில் நிறுத்தியது அவர்களின் கலையன்று, நிலவரி. சங்க இலக்கியத்தில் இயற்பெயர் தெரியாத புலவரை அவர் பாடிய தொடராலேயே ‘அணிலாடு முன்றிலார்’ என அழைத்தார்கள் நம் முன்னோர். நீலக் குதிரையைத் தைத்தவளுக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

1476-இல் பாயூ பேராலயத்தின் உடைமைப் பட்டியலில் அத்துணி முதன்முதலாகக் குறிக்கப்படுகிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792-இல், படைத்தளவாட வண்டியை மூடும் விரிப்பாக அது போகவிருந்தது. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் மீட்டார். 1982-83-இல் ஆய்வாளர்கள் அதன் பின்பக்கத்தை ஆராய்ந்தபோது, ஒளி படாத அந்தப் புறத்தில் நிறங்கள் முன்பக்கத்தைவிடப் பொலிவோடு இருக்கக் கண்டார்கள். அம்மா சொன்னது சரிதான், பின்பக்கம் பேசும். ஆனால் அதுவும் பெயரைச் சொல்லவில்லை.

இங்கேதான் இங்கிலாந்தின் லீக் நகரத்துப் பெண்கள் வருகிறார்கள். பட்டுத்தொழில் நகரமான லீக்கில் எலிசபெத் வார்டில் 1879-இல் ஒரு பூத்தையல் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கணவர் தாமஸ் வார்டில் சாயத்தொழில் வல்லுநர். இந்தியக் காட்டுப் பட்டுகளை ஆராய்ந்தவர். 1870-களில் வில்லியம் மாரிஸ் தாவரச் சாயம் பழக நாடிச்சென்றது அவரைத்தான். 1885-இல் எலிசபெத் ஒரு முடிவெடுத்தார்: இங்கிலாந்துக்கும் ஒரு பாயூ துணி வேண்டும். முப்பத்தைந்து பெண்கள் ஊசி எடுத்தார்கள். கம்பளிக்குத் தாமஸ் தாவரச் சாயம் ஏற்றித் தந்தார். ஏறத்தாழ ஓராண்டில் முழு நீளமும் முடிந்து, 1886-இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1895-இல் ரெடிங் நகரின் முன்னாள் மேயர் ஒருவர் அதை 300 பவுண்டுக்கு வாங்கி அந்நகருக்கு அளித்தார். இன்றும் அது ரெடிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூலத்தின் ஓரப்பட்டையில் ஆடையற்ற மனிதர் சிலர் உண்டு. லீக் படியில் அவர்களுக்கு உள்ளாடை! விக்டோரியா காலத்துப் பெண்களின் நாணம் என்று நெடுநாள் சிரித்தார்கள். உண்மையில் அப்பெண்கள் தமக்குக் கிடைத்த மாதிரியைப் பிசகாமல் தைத்தார்கள். லண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரதியிலேயே, அங்கிருந்த ஆண்கள் அதைத் திருத்திவிட்டிருந்தார்கள். திருத்தியவர்களின் நாணம் தைத்தவர்களின் பழியாயிற்று.

இருந்தும் மூலத்தில் இல்லாத ஒன்றை அப்பெண்கள் துணிந்து சேர்த்தார்கள். அவரவர் தைத்த பகுதிக்குக் கீழே அவரவர் பெயரைத் தைத்தார்கள். படியெடுப்பு என்றும் பொழுதுபோக்கு என்றும் அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லலாம். எட்டு நூற்றாண்டு மௌனத்துக்கு அவர்கள் சொன்ன பதில் அந்தக் கீழ்விளிம்பு என்றே எனக்குப் படுகிறது.

ஊசி பிடிக்கும் வாசகர் எவரேனும் இதைப் படித்தால் ஒரு சிறு வேண்டுகோள். கெட்டியான லினனோ பருத்தித் துணியோ ஒரு சாண் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பளி நூல் நான்கு நிறம், காது பெரிய ஊசி ஒன்று போதும். ஒரு குதிரையையோ, உங்கள் வீட்டு வாசல் மாட்டையோ பாயூ முறையில் தைத்துப் பாருங்கள். அப்புறத்துக் கால்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். முடித்தபின் திருப்பிப் பாருங்கள். பிறகு மறவாமல் கீழே உங்கள் பெயரையும் ஆண்டையும் தையுங்கள்.

அம்மாவின் உறைகளில் அவர் பெயரை நானே தைத்துவிடலாமா என்று ஒருமுறை நினைத்தேன். ஊசியில் நூல் கோத்தபின், வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அது அவர் கையால் வந்திருக்க வேண்டிய எழுத்து.